என் விளக்குமாற்றுக்கு வந்த மரியாதை

எங்கள் நகரத்தில் ஒரு சிற்பம் வைப்பதற்கு முன்னால் எத்தனை பேர் எத்தனை முறை கூடியிருந்து கதைக்கிறார்கள் என்று ஊரில் யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். டுசல்டோர்ஃபிலிருந்து ரயில் ஏறினால் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுகிற நடுத்தர நகரம் இது. இதற்கும் ஒரு கலைக்குழு இருக்கிறது. எந்தச் சதுக்கத்தில் என்ன சிற்பம், எந்தச் சுவரில் யார் ஓவியம், கோடை விழாவில் வாஃபிள் கடைக்குப் பக்கத்தில் வடைக்கடை வரலாமா, மேடைக்குப் போகிற மின்கம்பி ட்ராம் தண்டவாளத்தைத் தாண்டலாமா, எல்லாவற்றையும் இந்தக் குழுதான் பேசித் தீர்க்கும். தீர்க்கும் என்பது கொஞ்சம் கூடுதலான சொல். பேசும்.

நான் அதற்குள் போய்ச் சேர்ந்தது என் வாயால்தான். வட்டாரத்துப் பேக்கரியில் பாண் விற்கிறேன். வருகிற ஆட்களிடம் முழங்கால் நோவிலிருந்து பேரப்பிள்ளையின் பல் வரை விசாரிக்காமல் மிச்சக்காசு கொடுக்க எனக்கு வராது. கலைக்குழுவின் தலைவியும் காலையில் அங்கேதான் பாண் வாங்குவார். ஒருநாள், “இந்த வட்டாரத்தில் உங்களுக்குத் தெரியாத ஆளே இல்லை, விழா ஏற்பாட்டுக்கு வந்து உதவ முடியுமா?” என்று கேட்டார். போனேன். முதல் கூட்டத்திலேயே கழிப்பறை வண்டியைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நேரே வரைந்து வைத்திருந்தார்கள். “படம் வரைந்தவர் அங்கே நின்று சாப்பிடுவாரா?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு நான் வாய் திறந்தால் எல்லோரும் பேனாவை எடுப்பார்கள். சிற்பப் போட்டிக்கு மாற்று நடுவராகவும் என் பெயரைப் போட்டார்கள். “சும்மா பெயருக்குத்தான், மாற்று நடுவரை நாங்கள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை” என்றார் தலைவி.

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தச்சு வேலைக்கு ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, ஒரு நாடக அரங்கில் மேடைக்காட்சிகள் கட்டுகிறாள். அவளுடைய ஆசை வேறு. வெளியில், வெயிலிலும் மழையிலும் நிற்கிற மாதிரி, வழியில் போகிறவர்கள் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். ஊர் ஊராகப் போட்டிகளுக்கு அனுப்புவாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: மன்னிக்கவும், உங்கள் முயற்சிக்கு நன்றி. அந்த வருடம் வாடகை கட்டுப்படியாகாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். குசினி அலுமாரி விற்கிற ஒரு கொம்பனி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்தது.

“இன்னும் ஒரேயொரு போட்டி அம்மா. அதிலயும் இல்லையெண்டால் அலுமாரிதான்” என்றாள்.

“எந்தப் போட்டி?”

“உங்களிட்டைச் சொன்னால் பாண் வாங்கிற ஆக்கள் முழுப்பேருக்கும் தெரியும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

அதே நாட்களில் வீட்டில் இன்னொரு பிரச்சினை. தமிழ்க்கடையில் வாங்கிய என் ஈர்க்கு விளக்குமாறு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போனது. பால்கனி கூட்ட அதை எடுத்தால் கைக்குள் தொளதொளவென்று ஆடும். “ஆரடா என்ர விளக்குமாத்தைப் பிடுங்கிறது?” என்று கத்தினால் மகள் அறையைப் பூட்டிக்கொண்டு ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பாள், என் மனுசன் கேளாதவர் மாதிரிப் பால்கனிக்குப் போய்விடுவார்.

ஒரு மாலை தலைவி தொலைபேசியில் அழைத்தார். எங்கள் ட்ராம் தரிப்பிடத்துச் சதுக்கத்துச் சிற்பத்துக்கு நாளை நடுவர் கூட்டம், வட்டாரத்தின் சார்பில் வர வேண்டியவர் மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார், நீங்கள் வர வேண்டும், முடிவு வரும்வரை வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து மனுசன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “காய்ச்சல் கீய்ச்சலோ உமக்கு?”

மறுநாள் போனால், நகரசபையில் அடுத்தடுத்த இரண்டு அறைகளில் வெள்ளை விரித்த மேசைகள், மேலே விளக்குகள், மேசைகளில் சின்னச் சின்ன மாதிரிகள். பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். தலைவி விதிகளைச் சொன்னார். நடுவரின் வீட்டு ஆட்கள் போட்டியிடக் கூடாது, தெரியவந்தால் அந்த வேலை வெளியே. முதல் சுற்றில் ஒரு வேலையைத் தள்ளுவதென்றால் எல்லோருடைய கையும் எழும்ப வேண்டும், ஒருவர் தூக்காவிட்டாலும் அது மேசையில் இருக்கும். “இதில் யாருடைய வேலையையாவது யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். எல்லோரும் இல்லையென்று தலையை ஆட்டினோம்.

முதல் அறையில் ஒரு மாதிரி. நீளமான கம்பிச் சட்டம், அதில் சாய்த்துச் செருகிய பெரிதும் சிறிதுமான கிண்ணங்கள். ஆட்கள் போய்க் கிண்ணத்துக்குள் சாய்ந்து உட்கார வேண்டுமாம். நடுவர்களில் ஒருவரான கட்டடக் கலைஞர் அலைகள் என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு நடுவர், ஒரு சிற்பி, கவிழ்ந்த தேவாலய மணிகள் என்றார். தலைவி என்னைப் பார்த்தார்.

“கோப்பை கழுவி வடியவிடுகிற தட்டு மாதிரி இருக்கிறது” என்றேன்.

சிரித்தார்கள். ஆட்கள் சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. “இந்த ஊரில் பாதி வருடம் மழை. தண்ணீர் எங்கே போகும்? கிண்ணத்துக்குள் நிற்கும். டொக்டரிடம் போக ட்ராமுக்குக் காத்திருக்கிற கிழவி இதில் உட்கார்ந்தால் பாவாடை பிழியப் பிழியத்தான் எழும்புவாள்” என்றேன். எல்லோருடைய கையும் எழும்பியது. என்னுடையதும். உதவியாளர் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரமாக வைத்தார்.

கோப்பி குடித்துவிட்டு இரண்டாவது அறைக்குள் நுழைந்தேன். நுழைந்த இடத்திலேயே கால் நின்றுவிட்டது.

மேசை நடுவில், விளக்கு வெளிச்சத்தில், என் விளக்குமாறு. அதாவது, அதன் ஈர்க்குகள். ஒரு சதுக்கம் முழுக்கக் காடு மாதிரி நட்டிருந்தது. அடியில் தடித்து நுனியில் மெலிந்து, காற்றுக்கு வளைகிற கம்பங்களாம். சிற்பி குனிந்து மோந்து பார்த்தார். “என்ன ஒரு நுட்பமான பொருள்! மூங்கிலா, பிரம்பா?” என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற சாமான், ஆத்திரம் வந்தால் ‘விளக்குமாத்தாலை தருவன்’ என்று நான் காட்டுகிற சாமான், அதைச் சுற்றி நின்று படித்த மனிதர்கள் வியக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னாலேயே நெஞ்சு பதறியது. இந்த ஜெர்மனியில் ஈர்க்கில் சிற்பம் செய்கிற ஆள் வேறு யார்? என் பிள்ளையின் கடைசிப் போட்டி இதுதான்.

வாய் திறந்து உண்மையைச் சொன்னால் அவளுடைய வேலை வெளியே. திறக்காமல் இருந்து வாக்களித்தால், அவள் வெல்வது என் கையால் வென்றதாகிவிடும். இரண்டும் வேண்டாம். தலைவியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டேன்.

“எனக்கு இதற்குமேல் இங்கே இருக்க ஏலாது. காரணம் கேட்காதீர்கள்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஜெர்மன் மொழியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: பெஃபாங்கன். மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதால் தீர்ப்புச் சொல்லத் தகாதவர். “பெஃபாங்கனா?” என்றார். ஆமென்று தலையை ஆட்டினேன். “அப்படியென்றால் வீட்டுக்குப் போங்கள். நான் எதையும் கேட்கவில்லை” என்றார்.

ட்ராமில் வரும்போது எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது. எப்பேர்ப்பட்ட தாய்! இறங்கித் தமிழ்க்கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்த இறால் வாங்கினேன். கூடவே கொழுத்த ஒரு புது விளக்குமாறும் வாங்கினேன்.

மாலையில் தலைவி அழைத்து, முடிவு எடுத்தாயிற்று, அந்தக் கம்பக் காடுதான் வென்றது, இனி நீங்கள் பேசலாம் என்றார். நேரே போய் விளக்குமாற்றை மகளின் மடியில் வைத்தேன்.

“இந்தா பிள்ளை. வேண்டியமட்டும் பிடுங்கு.”

“என்னத்துக்கு?”

“எனக்கு எல்லாம் தெரியும். இண்டைக்கு நானும் அங்கதான் இருந்தனான். உன்ர ஈர்க்குக் காட்டைப் பாத்த உடன எழும்பி வந்திட்டன். நீ உன்ர கெட்டித்தனத்தாலதான் வெண்டனி!”

“எந்த ஈர்க்கு?” என்றாள்.

பால்கனிக் கதவடியிலிருந்து மனுசனின் குரல் வந்தது. “அது... நான்தான் எடுத்தனான். மிளகாய்க் கண்டுகள் சாயுது, முட்டுக் குடுக்க.”

நான் அவரைப் பார்த்தேன். பிறகு மகளைப் பார்த்தேன். அவளுடைய முகம் வெளுத்திருந்தது.

“அப்ப உன்ர எது?”

“கிண்ணங்கள்” என்றாள்.

ஐயோ. நிபுணர்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு எனக்கு அது வரவில்லை. முதல் சுற்று, எல்லோருடைய கையும், என்னுடைய கையும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“ஒரு கை எழும்பாட்டியும் அது மேசையில இருந்திருக்கும், என்ன?” என்றாள்.

“ஓம்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“கோப்பை வடியவிடுகிற தட்டு மாதிரி எண்டு...”

அவள் மெல்லத் திரும்பிக் குசினித் தொட்டியைப் பார்த்தாள். அங்கே, தண்ணீர்க் குழாயின் பக்கத்தில், மத்தியானம் கழுவிய கோப்பைகளும் கிண்ணங்களும் சாய்ந்தபடி நின்றன.

“அது அதுதான் அம்மா. எங்கட தட்டுத்தான்” என்றாள். “ஆக்கள் வந்தாலும் சாப்பிட்டு முடிஞ்சாப் பிறகு ஒருத்தரும் ஹோலுக்குள்ள போறேல்லையே. நீங்கள் கழுவக் கழுவ எல்லாரும் இதுக்குப் பக்கத்திலதானே நிண்டு கதைக்கிறவை. அப்பிடி ஒரு இடத்தை ரோட்டில வைப்பம் எண்டுதான் செய்தனான்.”

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். யாருடையதோ விளக்குமாற்றை என்னுடையது என்று மார்தட்டிவிட்டு, என் தட்டையே தள்ளிவிட்டு வந்திருக்கிறேன்.

“மற்ற ஆக்கள் என்ன சொன்னவை?” என்று கேட்டாள்.

“ஒருத்தர் அலையாம். மற்றவர் மணியாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப சரியாக் கண்டுபிடிச்சது நீங்கள் ஒராள்தான்.” சிரிப்பு நின்றதும் கேட்டாள், “பிறகேன் கை தூக்கினீங்கள்?”

மழையைச் சொன்னேன். கிழவியின் பாவாடையைச் சொன்னேன். அவள் எழும்பிப் போய்த் தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துச் சாய்த்துப் பிடித்துக் குழாயைத் திறந்தாள். அடியில் தண்ணீர் நின்றது.

“இவ்வளவு நாளும் ஏன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. மன்னிக்கவும் எண்டு மட்டும்தான் சொன்னவை” என்றாள். பிறகு, “அடியில ஒரு ஓட்டை போட்டால்?”

“அடியில போட்டால் இருக்கிற ஆளின்ர காலுக்குத்தான் ஊத்தும். பின்பக்கமாப் போடு” என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. அன்றைக்கு இறாலை மனுசன்தான் சமைத்தார். உப்புக் கூடிவிட்டது, ஆனால் ஒருவரும் கவனிக்கவில்லை.

அலுமாரிக் கொம்பனிக்கு வரவில்லை என்று அவள் பதில் போட்டாள். நான் தலைவியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். “முதலே தெரிந்திருந்தால் உங்கள் மகளின் வேலையை மேசைக்கே எடுத்திருக்கமாட்டோம்” என்றார். ஆகவே நடுவர் பட்டியலிலிருந்து என் பெயரை அழிக்கச் சொன்னேன். ஒரு முறைக்கா, இனி எப்போதுமா என்று கேட்டார். “என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள், ஆகவே நான் எப்போதும் பெஃபாங்கன்தான்” என்றேன். விழாவை மட்டும் விடவில்லை. கழிப்பறை வண்டியை யாராவது ஒருவர் பார்க்க வேண்டுமே.

வென்ற கம்பங்கள் இப்போது எங்கள் சதுக்கத்தில் நிற்கின்றன. செய்தவர் கொலோனில் இருக்கிற ஒரு ஜெர்மன் பெண். அவர் வீட்டுக்குக் கீழே தமிழ்க்கடையாம். திறப்பு விழாவுக்கு வந்த எங்கள் தமிழ் அக்காமார் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதென்ன, விளக்குமாத்தை நட்டு வச்சிருக்கினம்?” என்றார்கள். சும்மா இருங்கோ, அது கலை என்று அதட்டினேன்.

பின்பக்கம் ஓட்டை போட்ட கிண்ணங்களைக் கார்ல்ஸ்ரூஹே நகரம் எடுத்தது. மாணவர் விடுதிகளுக்கு நடுவில் ஒரு முற்றத்தில் வைத்திருக்கிறார்கள். திறந்த அன்று காலை முழுக்க மழை பெய்து விட்டிருந்தது. ஒரு வயதான ஜெர்மன் பெண்மணி வந்து ஒரு கிண்ணத்தைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். என் வாய் சும்மா இருக்குமா? பக்கத்துக் கிண்ணத்தில் போய் உட்கார்ந்து, “உங்களுக்கு இது என்ன மாதிரித் தெரிகிறது?” என்று கேட்டேன்.

“சிரிக்கமாட்டீர்களே?” என்றார் அவர். “கழுவி வைத்த பாத்திரங்கள் மாதிரி.”

நான் திரும்பினேன். மகள் என் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

“ஆமாம்” என்று அந்தப் பெண்மணியிடம் ஜெர்மனில் சொன்னாள். “அது என் அம்மாவின் தட்டு.”

அந்தப் பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எனக்கு மறுபக்கத்துக் கிண்ணத்தைத் தட்டி, மகளையும் வந்து உட்காரச் சொன்னேன்.