பெயர்ப்பலகைக்கு மேல் ஒரு பிறந்தநாள்

வலி மாத்திரைகளைக் கண்டபடி விற்ற ஒரு மருந்துக் கம்பெனி, வழக்கு முற்றியதும் சமரசத்துக்கு வந்து பணம் கட்டியது. அதில் ஒரு பங்கு ஓல்டு மெட்ராஸ் ரோடை ஒட்டிய எங்கள் வார்டுக்கும் வந்தது. அந்த மாத்திரைக்கு அடிமையானவர்களை மீட்கத்தான் அதைச் செலவழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. முடிவு செய்ய வார்டு கமிட்டி கூடியது. கணக்கு டீச்சர் என்ற ஒரே தகுதியில் நானும் அதில் உறுப்பினர்.

நான் போனது வார்டு நலனுக்காக அல்ல, என் தம்பிக்காக. அடுகோடியில் லேத் பட்டறையில் இருந்தவன், ஓசூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டான். வலிக்கென்று தொடங்கிய மாத்திரையை வலி போன பிறகும் விடவில்லை. வேலை போயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று ஒரே அடம்.

"பக்கத்துல எங்கயாவது இருந்தா போறேன்க்கா. ஆனா நான் போறது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றான். ஓர் அறையும் ஒரு மனநல ஆலோசகரும் கிடைத்தால் போதும் எனக்கு.

கூட்டம் வழக்கம்போல் சால்வையில் தொடங்கியது. பணம் வந்ததற்காகத் தலைவருக்கு மைசூர் பேட்டாத் தலைப்பாகையும் சால்வையும். தலைவருக்கு மட்டும் போர்த்தினால் செயலாளர் முகம் வாடும் என்று செயலாளருக்கும் ஒன்று. என் முறை வருவதற்குள் சால்வை தீர்ந்துவிட்டது. பழக்கூடையைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஒருவர் வார்டு நுழைவில் ஆர்ச் கேட்டார். ஆர்ச்சுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்றேன். "ஆர்ச்சுலயே போதை வேண்டாம்னு எழுதிடலாம் மேடம்!" இன்னொருவர் பூங்காவில் ஃபவுண்டன் கேட்டார். தண்ணீரைப் பார்த்தால் மனசு சாந்தியாகுமாம், சாந்தியானவன் மாத்திரை போடமாட்டானாம். எங்கள் தெருவுக்கே டேங்கர் தண்ணீர்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடைசி பெஞ்சுக்குப் போடும் குரலில் "உக்காருங்க எல்லாரும்!" என்று கத்திவிட்டேன். நின்றுகொண்டிருந்த தலைவரும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார். சரிந்த பேட்டாவைப் பிடித்துக்கொண்டே, "ஆய்து மேடம், சரி, ஆய்து. ரூமே பண்ணிடலாம், பேஜாராகாதீங்க" என்றார்.

அறை வந்தது. ஆலோசகரும் வந்தார். கூடவே ஒரு பலகையும் வந்தது. செலவு செய்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, வாசலுக்கு மேலே, 'போதை அடிமைகள் மீட்பு மையம்' என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் கொட்டை எழுத்து. சுற்றிலும் ஓடும் சீரியல் லைட்.

தம்பி பஸ் ஸ்டாப்வரை போய்த் திரும்பிவிட்டான். "இதுக்கு என் நெத்தியிலயே எழுதி ஒட்டிடலாம்க்கா" என்றவன், அன்றே மறுபடி மாத்திரை தேடிப் போனான். நான் சமையலறையில் நின்று அழுதேன். பலகையை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். "எடுத்துட்டா ரூம் இருக்கறது எப்படி மேடம் தெரியும்?" என்றார் தலைவர். உள்ளே ஆலோசகர் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தலைவருக்குப் பிறந்தநாள் வந்தது. கூலிங் கிளாஸும் கும்பிட்ட கையுமாக அவர் படம் போட்ட ஃபிளெக்ஸை, நல்ல இடமாகப் பார்த்து, அந்தப் பலகை மேலேயே அவருடைய ஆட்கள் கட்டினார்கள். பலகை முழுக்க மறைந்தது. பார்ப்பவர்களுக்கு இனி அது தலைவர் ஆபீஸ். அன்று மாலை தம்பி, வாழ்த்துச் சொல்ல வந்தவன்போல உள்ளே போனான். அடுத்தடுத்து இன்னும் சிலரும் போனார்கள். ஃபிளெக்ஸைக் கண்டாலே திட்டும் நான், அந்த மனிதர் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

சில வாரங்களில் மாநகராட்சி லாரி வந்து ஃபிளெக்ஸைக் கிழித்துப் போட்டுக்கொண்டு போயிற்று. பலகை மறுபடி பல்லிளித்தது. "அவ்வளவுதான்க்கா" என்று, போட்ட சட்டையைக் கழற்றி மாட்டினான் தம்பி.

நேராக ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். நான் பிறந்தது தை மாதம். அப்போது ஆடி.

"எந்த பார்ட்டி மேடம்?"

"பார்ட்டி எல்லாம் இல்லப்பா. எனக்கு பர்த்டே."

"கூலிங் கிளாஸ் போடட்டுமா?"

"போடு."

"கீழ ரவுண்டுல யார் யார் மூஞ்சி?"

"யாரும் வேணாம்."

"ஆளுங்க இல்லாம ஃபிளெக்ஸா? அசிங்கமா இருக்கும் மேடம்" என்று தன் நண்பர்களின் முகங்களையே வரிசையாக ஒட்டினார் கடைக்காரர். எனக்குப் பின்னால் ஒரு சிங்கத்தையும் நிறுத்தினார். அது அவருடைய அன்பளிப்பாம். அன்றிரவே அதை அந்தப் பலகை மேல் கட்டவைத்தேன்.

மறுநாள் பள்ளியில் வகுப்பே எழுந்து நின்று எனக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடியது. ஹெட்மிஸ்ட்ரஸ் தேர்தலில் நிற்கப்போகிறேனா என்று விசாரித்தார். மானம் கப்பலேறியது.

மாலையில் தம்பியைப் பஸ் ஸ்டாப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். நிமிர்ந்து பார்த்தான். கூலிங் கிளாஸில் நான், பின்னால் சிங்கம், தலைக்குமேல் 'எங்கள் நெஞ்சில் வாழும் அக்கா'. அடிபட்ட பிறகு முதல்முறையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே ரோட்டைக் கடந்து, ஃபிளெக்ஸில் இருந்த என் மோவாய்க்குக் கீழே தலை குனிந்து, உள்ளே போனான்.