நடுவில் விழுந்த இருட்டு

மொரப்பூர் சலூனில் முடி வெட்டிக்கொள்ளும்போதுதான் எனக்கு அது உறைத்தது. பஸ்ஸிலிருந்து கழற்றிய சிறிய உப்பிய கண்ணாடி ஒன்று சுவரில் தொங்கியது. வாசல் வெயில் அதில் பட்டு விரிந்து, எதிரேயிருந்த பெரிய கண்ணாடியில் மோதித் திரும்பி, சின்னதின் விளிம்பைத் தாண்டிச் சுவரில் வளையமாக விழுந்தது. நடுவை அந்தச் சின்னக் கண்ணாடியே மறைத்திருந்தது.

"ஆடாதீங்க தம்பி, காது கொறஞ்சா நான் பொறுப்பில்லீங்க" என்றார் முடி வெட்டுபவர்.

பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் நானும் ஏரியூர் மாரிமுத்துவும் செய்த லேசரும் இதே அமைப்புதான். ஒரு முனையில் சிறிய உப்பிய கண்ணாடி, மறுமுனையில் பெரிய குழிந்த கண்ணாடி. எங்கோ படித்துவிட்டு யோசனை சொன்னவன் நான். பொருத்தியவன் அவன். கார்பன் தாளில் லேசர் சுட்ட தடம் வளையமாக வந்தது. நடுவில் தாள் பொசுங்கவே இல்லை.

"நடுவுல ஏம்ப்பா வெளிச்சமே இல்ல?" என்றார் பேராசிரியர்.

"கண்ணாடிய வெச்சது மாரிமுத்துங்க சார்" என்றேன்.

தவறு அவனுடையது என்று ஆய்வுக்கூடத்திலிருந்தே அவனை அனுப்பிவிட்டார்கள். பெட்டியைக் கட்டியபடி, "நீயாச்சும் ஆராய்ச்சிய முடி, வுடு" என்றான்.

நடுவில் விழுந்த அந்த இருட்டு பிழையே இல்லை என்று இப்போதுதான் புரிந்தது. அந்த அமைப்பில் ஒளி அப்படித்தான் வெளியேறும். வளையம் கோணாமல் வந்ததே அவன் கண்ணாடியைச் சரியாக வைத்ததற்குச் சாட்சி.

எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்கூட வரவில்லை. போர்த்திய துணியோடு சுவரில் விழுந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை பேராசிரியருக்கு உண்மையை எழுதிப் போட்டுவிட்டு, அந்தக் கார்பன் தாளோடு ஏரியூர் பஸ் ஏறுவேன். மாரிமுத்து கதவைத் திறந்ததும் முதலில் என்ன சொல்வது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.