வாப்பா பெரிதாக்கிப் பார்த்த வீடு

மகளுக்கு வீடு கட்டாமல் கல்முனையில் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. அதற்காகத்தான் என் வாப்பா கட்டாரில் உழைக்கிறார்.

அவர் சொல்லச் சொல்ல நான் போட்ட வீட்டுப் பிளானை, திரையில் படம் வரைந்து தரும் இரண்டு கிராபிக்ஸ் லைப்ரரிகளில் வரைய வைத்து இன்று அவருடைய போனுக்கு அனுப்பினேன். ஒன்று வேகமானது, ஆனால் பெரிதாக்கினால் கோடுகள் மங்கும். மற்றது மெதுவானது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது.

"ரெண்டாவதுதான் நல்லம் மகள்," என்றார்.

"அது சுணங்குமே வாப்பா?"

"பறவாயில்ல. வாசலுக்குக் கிட்டப் போய் நிண்டு பார்க்கலாம்."

அதையே எடுத்தேன்.

பிறகு நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கும் வரப்போகும் மாப்பிள்ளைக்கும் ஓர் அறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை, விருந்தாளிக்குக்கூட ஒன்று. வாப்பாவுக்கு இல்லை.

இதை வாசிக்கும், பிளானில் கோடு இழுத்துப் பழகியவர்களே, எந்தச் சுவரைத் தள்ளலாம்?