அக்கா பிடித்திருக்கும் தூண்

என் அக்காவுக்கு என்று மிஞ்சியது ஒரே ஒரு போட்டோ. கல்யாணமான புதிதில் விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. மாமா, அதாவது அவள் புருஷன், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா பக்கத்தில் நின்று அவர் தோளில் ஒரு கையை வைத்திருக்கிறாள். ஸ்டுடியோக்காரர் வைக்கச் சொல்லி வைத்த கை. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அவர்கள் வீட்டுச் சமையல்கட்டை ஒட்டிய சுவரில் மாட்டியிருந்தார்கள். அவள் செத்த பிறகு அவளுடைய துணிமூட்டையோடும் குழந்தையின் தூளிப் புடவையோடும் அந்தப் படமும் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. புகை ஏறி மஞ்சளாகி, கீழ்ப்பக்கம் ஓதம் அடித்துக் கறை கறையாக இருந்தது. நெகட்டிவ் எப்போதோ போய்விட்டது என்று ஸ்டுடியோவில் கையை விரித்துவிட்டார்கள்.

அக்கா காய்ச்சலில் செத்தாள். காய்ச்சலில் சாகிறவர்கள் இருக்கத்தான் செய்தார்கள், ஆனால் அவள் சாக வேண்டியவள் இல்லை. பிரசவம் எங்கள் வீட்டில் நல்லபடியாக நடந்து, கைக்குழந்தையோடு அவளை விழுப்புரத்தில் கொண்டுபோய் விட்டிருந்தோம். ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று சேதி வந்தது. நான் பார்க்கப் போனேன். அவள் மாமியார் யாரையோ வரவழைத்து வேப்பிலை அடித்து மந்திரித்திருந்தார். தெருக்கோடி கம்பவுண்டர் ஊசி போட்டிருந்தார். உதடு வெடித்துக் கிடந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மாமாவிடம் சொல் என்றாள். சொன்னேன். அவர் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார் அந்த அம்மா. மாமா வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அதே பேச்சு. ஒருவழியாகக் கொண்டுபோனபோது, இப்போதுதான் கொண்டுவருகிறீர்களா என்று டாக்டர் திட்டினாராம். அன்றைக்கே முடிந்துவிட்டது.

மாமாவைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எங்களிடம் வளர்ந்த குழந்தையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், வாய் நிறையத் திட்டியிருப்பேன். வாயில்லாதவரை என்ன சொல்லித் திட்டுவது? அதனால் அந்தக் கோபமெல்லாம் எனக்குள்ளேயே கிடந்து புழுங்கிற்று.

வரும்போதெல்லாம் கடையில் மிஞ்சிய செம்புக் கம்பித் துண்டுகளை எனக்காகச் சுருட்டி எடுத்து வருவார். நான் அப்போது திண்டிவனத்தில் தையல் வகுப்புக்குப் போய்வந்தேன். அங்கே பெண்கள் எல்லோரும் சாமி படங்களுக்கு உடை கட்டுவோம். அச்சுப் படத்தை அட்டையில் ஒட்டி, அம்மனுக்கு நிஜத் துணியில் புடவை வைத்து, சம்கி, ஜிகினா, கண்ணாடி மணி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் சாமி படத்தைவிட்டு எழும்பி நிற்கும். பஜாரில் நல்ல கிராக்கி. என் படங்களில் செம்புக் கம்பியில் ஒட்டியாணமும் கொடியும் இருக்கும். மாமா கொண்டுவந்த கம்பிதான்.

குழந்தை என் இடுப்பிலேயே வளர்ந்தாள். நான் பசை காய்ச்சும்போது முதுகில் தொங்குவாள், சம்கிகளை வாரி வாயில் போட்டுக்கொள்வாள், விரலை விட்டு எடுப்பேன். அவள் முதலில் பேசிய பேச்சே என்னைப் பார்த்து "ம்மா" என்றதுதான். நான் திருத்தவில்லை. திருத்த மனசு வரவில்லை.

வருஷம் திரும்புகிற சமயத்தில் அத்தை வந்தார், அக்காவின் மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். என் அப்பாவோடு உட்கார்ந்து பேசினார். நான் உள்ளே குழந்தைக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"சின்னவளே கட்டிக்கினா கொழந்தைக்கும் நல்லதுங்க. வெளியில இருந்து ஒருத்திய கூட்டியாந்து எதுக்குப் பேஜாரு?" என்றார்.

அப்பா சரி என்றார். தை மாதம் கல்யாணம் என்று அங்கேயே முடிவாயிற்று. நான் அப்பாவிடம் போய் எனக்கு இஷ்டமில்லை என்றேன். குழந்தையைவிடவா உன் இஷ்டம் பெரிது என்று கேட்டார். குழந்தை வேண்டும், அவர் வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்? நாளைக்கு எனக்கும் ஒரு காய்ச்சல் வரும், அவரும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுப் புடவை வைத்துப் படைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி வாங்கி உடுத்திக்கொள்வாள். இந்தத் தடவை அந்தப் பெண் நான்தான். அதை உடுத்திக்கொண்டு வந்து நின்றால் செத்தவள் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம், அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை. அத்தையே அரக்குப் புடவை ஒன்றை எடுத்துவந்து எங்கள் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். நல்ல புடவை. கெட்டிச் சரிகை.

படையலுக்கு வைக்க அக்காவின் படம் பார்க்கும்படியாக இல்லை. சாமிக்குச் செய்கிற மாதிரி அவளுக்கும் ஏதாவது செய்து அந்தக் கறையை மறை என்று அம்மா சொன்னாள். சட்டத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கறை அக்காவின் கால்மாட்டில்தான் இருந்தது. என் கண் அங்கே போகவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள்மேல் போயிற்று.

அவரை வெட்டி எடுக்க வழியில்லை, அக்காவின் கை போய்விடும். மறைக்கத்தான் முடியும். புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்தேன். அக்காவின் பழைய ரவிக்கைகளைக் கிழித்து, பசையில் தோய்த்து, அவர் முகத்தின் மேல் முதல் துண்டை ஒட்டினேன். எனக்கு நன்றாகவே இருந்தது. பிறகு மார்பு, மடி, நாற்காலி. துணிமேல் துணி ஏற ஏற அந்த இடம் உருண்டு திரண்டு ஒரு தூண் ஆயிற்று. வீட்டில் குவிந்து கிடந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல்களைப் பாதியாகப் பிளந்து, வரிசை வரிசையாகத் தூணில் பதித்தேன். அந்தத் தோலில் இயற்கையாகவே இருக்கும் வரியும் குழியும் கல்லில் கொத்தியது மாதிரி இருந்தது. அக்காவின் நான்கு விரல்களை மட்டும் தொடவில்லை. அவற்றைச் சுற்றி ஊசிமுனையால் பசை வைத்தேன்.

பார்த்தால் எல்லாம் புத்தம்புதிதாகப் பல்லிளித்தது. பழைய மஞ்சள் படத்தில் புதுத் தூண், நேற்று வைத்தது என்று குருடனுக்கும் தெரியும். அது எனக்கு ஆகாது. அங்கே எப்போதுமே ஒரு தூண்தான் இருந்தது என்று இருக்க வேண்டும். டீத்தூளைச் சுண்டக் காய்ச்சித் தடவினேன், காய்ந்ததும் மறுபடி தடவினேன். மழையில் ஒன்றும் காயவில்லை, நெல் அவிக்கும் அடுப்புக்கு மேலே உறியில் கட்டிப் புகை காட்டினேன். துணியால் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, விளிம்புகளைச் செங்கல் பொடியால் உரசினேன். செம்புக் கம்பியைக் கொடியாக முறுக்கித் தூணில் சுற்றிவிட்டேன். அவருடைய கம்பியைக் கொண்டே அவரைக் கட்டிப்போட்டேன் என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது.

ஒருநாள் அம்மா பின்னால் வந்து நின்றாள். தூணைப் பார்த்தாள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்பாள், கையிலிருப்பதைப் பிடுங்குவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "பசை ஆடை கட்டுது பாரு, மூடி வை" என்று மட்டும் சொல்லிவிட்டு மல்லாட்டை ஆயப் போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் குழந்தையை மடியில் தூங்கப் போட்டுக்கொண்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அரக்குப் புடவையைப் பிரித்து, முந்தானையில் சரிகையோடு சேர்த்து அகலமாக ஒரு துண்டை வெட்டினேன். கத்தரிக்கோல் சத்தத்துக்குக் குழந்தை அசைந்தாள், தட்டிக்கொடுத்தேன். வெட்டிய இடம் உள்ளே போகும்படி புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன். துண்டை அக்காவுக்கு உடுத்தினேன். கொசுவம் பிடித்து, சம்கி தைத்து, முந்தானையை அவள் தோளில் விட்டேன். ஓதக் கறை கொசுவத்துக்கு அடியில் போயிற்று. ரொம்ப அழகாக இருந்தாள். அப்போதுதான் அழுதேன்.

படையலன்று அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். முறத்தில் புடவை, பூ, மாவிளக்கு எல்லாம் வைத்து, சுவரோரம் படத்தைத் துணி மூடிச் சாத்தியிருந்தோம். கற்பூரம் காட்டும்போது அம்மா துணியை எடுத்தாள். அக்காவைப் பார்த்துச் சிலர் அழுதார்கள். தூணைப் பார்த்த பிறகு அழுகை நின்றது. அத்தை முறத்திலிருந்த புடவையை எடுத்து என் தோளில் போர்த்த விரித்தார். முந்தானை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, அதன் வழியாக அவர் கை தெரிந்தது. படத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெட்டுப்பட்ட புடவையை எந்தக் கல்யாணப் பெண்ணும் உடுத்த மாட்டாள். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அத்தை வேறு புடவை எடுத்தாலாயிற்று என்று ஆரம்பித்தார்.

அப்போது மாமா பேசினார்.

"வுடும்மா. போனவளுக்குன்னு வாங்குனதுதான? அவளே கட்டிக்கட்டும். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அத்தையின் வாய் அடைத்துப்போயிற்று, அப்பாவின் கை இறங்கிற்று. அவ்வளவுதான். அவர் வாயைத் திறந்தால் அந்த அம்மா அடங்கிவிடுவார். அது இத்தனை சுலபம். நான் பிழைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதே வாயை ஒரு வருஷத்துக்கு முன்னால் திறந்திருந்தால் படையல் எதற்கு, படம் எதற்கு? அவரை நான் அதுவரை வாயில்லாதவர் என்றே மன்னித்து வைத்திருந்தேன். அன்றோடு அதுவும் போயிற்று.

கல்யாணம் இல்லையென்று ஆனபின் எங்கள் பிள்ளை எதற்கு இங்கே என்று அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டார். பள்ளிக்கூடம் போகிறவரை இருக்கட்டும் அத்தை என்று காலைப் பிடித்தேன். குழந்தை "ம்மா, ம்மா" என்று என் பக்கம் சாய்ந்து கத்தினாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மாமா குனிந்து செருப்பைத் தேடினார். விழுப்புரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

தையிலேயே முகையூர்ப் பக்கத்திலிருந்து அவருக்கு ஒரு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். தங்கமான பெண், குழந்தையை நன்றாகவே வைத்துக்கொண்டாள். குழந்தை அவளை அம்மா என்றாள். என்னைச் சித்தி என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

வருஷா வருஷம் அக்கா செத்த நாளில் வைக்கும் படையலுக்குக் குழந்தையைக் கூட்டி வருவார்கள். பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி வந்திருந்தாள். படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். அதற்குள் டீக்கறையும் புகையும் நிஜப் பழசோடு கலந்துபோயிருந்தன, எது நான் செய்தது எது காலம் செய்தது என்று எனக்கே சொல்ல முடியாது.

"சித்தி, இந்த அம்மா எதப் புடிச்சிக்கினு நிக்குது?"

"தூணு கண்ணு."

அவள் அப்பா எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். குழந்தை கேட்டதும் நான் சொன்னதும் அவர் காதில் நன்றாக விழுந்தது. உள்ளேயிருந்து, இலை போட்டாச்சு, வாங்க என்று கூப்பிட்டார்கள். துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.