அம்மா நடித்த படம்

"அம்மா, வயல்!" என்று நான் கத்தினால் போதும். அடுப்பில் எது கொதித்தாலும் அப்படியே விட்டுவிட்டு, கையில் கரண்டியோடு அம்மா கூடத்துக்கு ஓடி வருவாள். டிவியில் ஏதோ ஒரு படத்தில் ஏதோ ஒரு பச்சை தெரியும். நின்றபடியே கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். பின்னால் மலை தெரிந்துவிட்டால், "இது பொள்ளாச்சிப் பக்கம்" என்று திரும்பிவிடுவாள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வயலுக்குப் பின்னால் மலை வராது, இன்னொரு வயல்தான் வரும். அம்மா வந்து போன பாதையில் கரண்டியிலிருந்து சொட்டிய சாம்பார் கோடு போட்டிருக்கும். பத்து தடவை நான் கத்தினால் நாலு தடவை டிவியில் வயலே இருக்காது. உர விளம்பரம் ஓடும், இல்லையென்றால் கிரிக்கெட் மைதானம். அவள் ஏமாந்து நிற்பதைப் பார்த்துத் தரையில் உருண்டு சிரிப்பேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த நகைச்சுவை அவ்வளவுதான். இப்போதும் பெரிதாக முன்னேறிவிடவில்லை என்று என் மனைவி சொல்கிறாள்.

அம்மா ஓடி வந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் ஒரு படத்தில் நடித்திருந்தாள். அதாவது, அப்படித்தான் சொன்னாள். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது சினிமாக்காரர்கள் ஒரு பாட்டு எடுக்க எங்கள் வயலுக்கு வந்தார்கள். நடவு நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் நடவு ஆட்களுக்குக் காபித் தூக்கோடு வரப்பு வரைக்கும் போவார்களே தவிர, சேற்றில் இறங்கும் வழக்கமில்லை. இறங்கினால் அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். அன்றைக்கு வரிசையில் ஒரு பக்கம் காலியாக இருந்திருக்கிறது. "அந்த கேமராக்காரரு, நீங்களும் வாங்கம்மான்னாரு. தூக்க வரப்புல வச்சிட்டு இறங்கிட்டேன்" என்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்காவிடமும் என்னிடமும் கண் மினுங்கச் சொன்னாள் அம்மா. அப்பாவிடம் கேட்டோம். "நான் வாய்க்காப் பக்கம் போயிருந்தேன், எனக்கென்ன தெரியும்? காபி குடுக்கப் போனவ கேமராவப் பாத்து மிரண்டு கனவு கண்டிருப்பா" என்று சிரித்தார். வீட்டுப் பெரியவரே சிரித்த பிறகு எங்களைக் கேட்க வேண்டுமா? நடவு ஆட்களிடம் விசாரிக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு வீட்டில் 'நடிகை' என்று பெயர்.

எந்தப் பெயரில் அந்தப் படம் வெளிவந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. சில வருஷங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதியிலிருந்து பார்க்கத் தொடங்கிய ஏதோ ஒரு படத்தில், மஞ்சள் பாவாடை கட்டிய கதாநாயகி ஒரு வரப்பில் ஓடினாள். வயல் என்று நான் கத்தவே இல்லை. தற்செயலாகக் கூடத்தில் இருந்த அம்மாதான் கத்தினாள்: "இதாண்டா! இதேதான்! அந்தா பாரு, நம்ம பம்ப்செட் கொட்டகை!" உண்மைதான். கீல் உடைந்து சாய்ந்த கதவு உட்பட எங்கள் கொட்டகைதான். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். நடவு வரிசை வந்தது. ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள் அம்மா. ஏழு பேர். ஏழோடு முடிந்தது. பாட்டும் முடிந்தது. அந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. "உன்ன வெட்டிட்டாங்கம்மா!" என்றேன். அப்படி ஒரு சிரிப்பு. எல்லோரையும்விட அப்பா சத்தமாகச் சிரித்தார். அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெட்டியிருப்பாங்க" என்று சொல்லி உள்ளே போனாள். அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை கத்தியும் அவள் வரவில்லை. ஒரே ஒரு தடவை, உள்ளேயிருந்தே, "நீயே பாத்துக்கடா" என்று குரல் மட்டும் வந்தது.

அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பா இப்போது தஞ்சாவூரில் எங்களோடுதான் இருக்கிறார். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு டிவி, அதற்குள் ஆயிரக்கணக்கில் படங்கள். ஆனால் நிம்மதியாக ஒரு படம் பார்க்க முடிகிறதா? புதுப் படங்களை இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடித்துவிடுகிறார்கள். எவன் எவனை வெட்டுகிறான் என்று தெரிந்துகொள்ளவே டார்ச் அடிக்க வேண்டியிருக்கிறது. பேச்சு காதில் விழவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால், அடுத்த நொடி ஒரு கார் வெடித்து அப்பாவின் மதியத் தூக்கம் போகிறது. விவசாயியைக் கதாநாயகனாக்கினால் இன்னும் மோசம். மடிப்புக் கலையாத வேட்டியோடு, ஒரு பிடி மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு பத்து நிமிஷம் பேசுகிறான். "இவன் வயல்ல ஒரு களை இல்லடா, வசனந்தான் மண்டிக் கெடக்கு" என்றார் அப்பா. சரி, பழைய படமாவது பார்க்கலாமென்றால், முதல் காட்சியில் இருமிய தங்கச்சி இடைவேளைக்குள் செத்துப்போகிறாள். அது தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். எரிச்சல் படத்தின் மேலா, என் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

இப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், விடுப்பு எடுத்த பாவத்துக்கு ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனபோது அந்த மஞ்சள் பாவாடை வந்தது. வரப்பு, கொட்டகை, சாய்ந்த கதவு. அதே ஏழு பேர். ஆனால் இந்தத் தடவை படம் ஏழோடு நிற்கவில்லை. வலது ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வயல் இருந்தது. அந்த வயலில் அம்மா இருந்தாள். தியேட்டரின் அகலத் திரைக்காக எடுத்த படத்தை, எங்கள் பழைய சதுர டிவிக்குள் அடைப்பதற்காக இரண்டு ஓரத்தையும் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிட்டாங்கம்மா என்று வேடிக்கைக்குச் சொன்னேன். நிஜமாகவே வெட்டித்தான் இருந்தார்கள். நடவு நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். முன்னால் போனால் தான் நட்டதைத் தானே மிதிக்க வேண்டும். ஏழு பேரும் அப்படித்தான் பின்னால் போனார்கள். ஓரத்தில் இருந்த எட்டாவது ஆள் மட்டும் முன்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. பாதியில் தெரிந்துவிட்டது போல நிமிர்ந்து, காலடியைப் பார்த்து, சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவ்வளவு சின்ன வயதில் அம்மா இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். செல்லில் போட்டோ எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தட்டில் விழும் தோசையைத் தினமும் போட்டோ எடுக்கிறவன் நான். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவை எழுப்பவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து பார்ப்போமென்று மயிலாடுதுறையிலிருந்து அக்காவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்தாள். அப்பாவை நடுவில் உட்காரவைத்து, "அம்மா அந்தப் படத்துல இருக்காக்கா, நடவு வரிசையில ஓரமா" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிமோட்டை அழுத்தினேன். படத்தைக் காணோம். செவ்வாயன்று பார்த்துவைத்த பெயரைத் தட்டினேன். 'இந்தப் படம் தற்போது கிடைக்காது' என்று வந்தது. டிவியை அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதேதான். செவ்வாய்க்கும் ஞாயிற்றுக்கும் நடுவில் எவனோ அதைத் தூக்கிவிட்டான்.

"ஏன்டா, இதுக்காடா என்ன பஸ் ஏற வச்ச?" என்றாள் அக்கா.

"சத்தியமாப் பார்த்தேன்க்கா."

"அம்மாவ ஏமாத்தினது பத்தாம இப்ப என்னையுமா?"

"ஏங்க, நீங்க எந்தப் பக்கம் நடிச்சிருந்தீங்க, இடது ஓரமா?" என்று என் மனைவி வேறு சேர்ந்துகொண்டாள். இருவரும் சிரித்தார்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட்டு, நம்பாத முகங்களுக்கு நடுவில் ரிமோட்டோடு நின்றேன். கோபத்தில் காது சுட்டது. எனக்கு இது ஐந்து நிமிஷம். அம்மாவுக்கு ஆயுசு முழுக்க.

அப்பா சிரிக்கவில்லை. "அவ முன்னால நட்டுக்கிட்டு வந்தா" என்றார்.

நான் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"வாய்க்காப் பக்கம் போயிருந்தேன்னீங்களே?" என்றேன்.

"வரப்புலதான் நின்னேன். சினிமாக்காரன், நடவாளுங்க, எல்லாரும் அவளப் பாத்துச் சிரிச்சாங்க. எனக்கு மானம் போன மாதிரி இருந்துச்சு. மத்தவங்க கண்ணுல படக் கூடாதுன்னு மறுநாள் விடியங்காட்டி நானே இறங்கி, மிதிபட்டதெல்லாம் சரி பண்ணி நட்டேன்." டிவியைப் பார்த்தபடியே, "அவ வச்சதுல மிதிபடாம அஞ்சாறு நாத்து நின்னுச்சு. கோணலாத்தான் நின்னுச்சு. அத மட்டும் தொடல" என்றார்.

அக்கா அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அம்மாகிட்ட இதச் சொன்னீங்களாப்பா?"

"அறுப்பு முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன்."

அந்த வயலில் அதற்குப் பிறகு எத்தனை அறுப்பு நடந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.