கல்வாழைப் பாத்தியில் ஒரு பக்கெட் தண்ணீர்

உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் கடைசியில் யார் வாசலில் போய் நிற்கிறது என்று என்றைக்காவது அதன் பின்னாலேயே நடந்து பார்த்திருக்கிறீர்களா?

செபஸ்தியம்மாளுக்கு அந்த நடை தேவைப்படவில்லை. காணைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், காலனியின் கடைசி வீடு அவளுடையது. தெரு முழுவதும் கழித்த தண்ணீர் அவள் வாசலில்தான் தேங்கும். மகள் கலைப்பிரியாவைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வந்தவர்கள் செருப்பைக் கழற்ற இடமில்லாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். காபியைத் தொடவில்லை. அதற்கப்புறம் பேச்சும் இல்லை.

எண்பதடி தள்ளி, மாதா கோயில் தெருவுக்கு மட்டும் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பாத்தி கட்டியிருந்தார்கள். முதல் தொட்டியில் கசடு தங்கிவிடும். மிச்சத் தண்ணீர் ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட பாத்திக்குள் இறங்கும். ஜல்லியிலும் வேரிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிட, மறுமுனையில் தெளிந்த தண்ணீர் வரும். போர்வெல் ஐந்நூறு அடியிலும் காற்றை மட்டும் ஊதுகிற ஊரில், அந்தத் தண்ணீரால் அந்தத் தெருக்காரி டயானாவின் முருங்கை சித்திரை வெயிலிலும் காய்த்தது.

அந்தப் பாத்தியைக் கவனிப்பவள் செபஸ்தியம்மாள்தான். பஞ்சாயத்துத் தூய்மைக் காவலர். அந்தத் தெருவின் கசடை வாரிப் போட்டுவிட்டு, தன் தெருச் சாக்கடையை மிதித்து வீட்டுக்குள் போவாள்.

டயானாவும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்ச். இப்போது ஒருத்தி ‘டயானாம்மா’, இன்னொருத்தி ‘அடியே’. டயானாவின் நகையையோ மாடியையோ பார்த்து அவள் பொறாமைப்பட்டதில்லை. காய்ந்து கிடக்கும் அந்த வாசலைப் பார்த்தால்தான் வயிறு எரியும். பொறாமை பாவம் என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள்தான். வாசல் காய்ந்தவர்களுக்கு அது சுலபமான பிரசங்கம்.

காலனிக்கும் குழாய் போடச் சொல்லி ஒருமுறை கேட்டாள். வார்டு உறுப்பினர் சின்னப்பராஜ் தலையாட்டி மறுத்தார். “உங்க தண்ணி வேற மாதிரிம்மா. ஒரு சொட்டு கலந்தாலும் பாத்தி கெட்டுடும்.”

மறுநாள் காலை வேலைக்கு வரும்போது அவள் கையில் ஒரு பக்கெட் இருந்தது. மீன் கழுவிய தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, துணி அலசிய சோப்பு நுரை. யாரும் பார்க்காதபோது தொட்டியில் கவிழ்த்தாள். வயிற்றெரிச்சலில்தான் ஊற்றினாள்; நியாயம் பிறகுதான் தோன்றியது. தினம் ஒரு பக்கெட், ஆறு மாதம்.

பாத்தியைப் பார்க்க ஒருநாள் இன்ஜினீயர் வந்தார். மறுமுனைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். “சூப்பரா வந்துக்கினு இருக்குதே! தரையும் இந்தப் பக்கம்தான சரியுது, காலனியையும் சேர்த்துடலாமே?”

“அது ஒத்து வராது சார். அவங்க தண்ணி கலந்தா…” என்று இழுத்தார் சின்னப்பராஜ்.

“ஆறு மாசமா தினம் ஒரு பக்கெட்டு கலந்துக்கினுதான் இருக்குதுண்ணே” என்றாள் செபஸ்தியம்மாள்.

வாசலில் நின்ற டயானா ஓடி வந்தாள். “இன்னாடி சொல்ற? இந்தத் தண்ணியில வளந்த பூவத்தானடி மாதாவுக்கு வச்சேன்!”

“மாதா ஒண்ணும் சொல்லலியே, டயானா. நீதான கத்துற?”

‘அம்மா’ என்ற ஒட்டு அன்றைக்குச் செபஸ்தியம்மாள் வாயில் வரவில்லை.

“நாளையிலருந்து வேலைக்கு வராத” என்று கத்தினார் சின்னப்பராஜ். “ஒரே ஒரு பக்கெட்ட ஊத்திட்டு இன்னா பேச்சு பேசுற?”

ஒரு பக்கெட்டை வைத்து விஞ்ஞானம் பேச முடியாதுதான். ஒரு தெருவின் தண்ணீருக்குப் பாத்தியை நீட்ட வேண்டும், கணக்குப் போட வேண்டும். ஆனால் தீட்டின் கணக்கு வேறாயிற்றே! அதற்கு ஒரு சொட்டே போதும் என்றுதானே சொன்னார்கள்? அதன்படி பார்த்தால் மாதா கோயில் தெரு ஆறு மாதத்துக்கு முன்பே கெட்டுப்போயிருக்க வேண்டும். முருங்கையோ கிளை ஒடியக் காய்த்தது.

கிராமசபை தீர்மானம் போட்டால் பாத்தியை நீட்டிக் குழாயும் பதித்துத் தருவதாக இன்ஜினீயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். செபஸ்தியம்மாளுக்கு இப்போது அந்த வேலை இல்லை. கிராமசபைக்குக் கொடுக்க எழுதிய மனு மட்டும் கையில் இருக்கிறது. காலனியின் எல்லா வீட்டுக் கையெழுத்தும் அதில் விழுந்துவிட்டது. மாதா கோயில் தெருவிலிருந்து ஒன்றுகூட இல்லை.

உங்கள் ஊரிலும் அப்படியொரு கடைசி வீடு இருக்கும். இன்றைக்கே சாக்கடையோடு நடந்து அதைக் கண்டுபிடியுங்கள். அடுத்த கிராமசபையில், அந்த வீட்டுக்காரி எழுந்திருப்பதற்கு முன்னால், காய்ந்த வாசல் உள்ள நீங்கள் எழுந்து கேளுங்கள்.