முதல் கூடை இல்லாத மைதானம்: கேமரன் மலையில் இரண்டு நாள்

போன வருடம் இதே தளத்தில் கேமரன் மலையில் இருக்கும் ஒரு டிஸ்க் கோல்ஃப் மைதானத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இன்னமும் சிலர் வழி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. அந்த மைதானத்தை அமைத்த அந்தோணி அண்ணன் மார்ச் மாதம் இறந்துவிட்டார். தொழிற்சாலையில் லோரிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஜூன் மாதம் அவர் மனைவி ஸ்டெல்லா அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"தேவி, ஒன்பது கூடையையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடும்மா. ஈப்போல யாராவது விளையாடட்டும். இங்க வேணாம்."

காரணம் கேட்கத் தைரியம் வரவில்லை. அந்த வாரச் சனிக்கிழமையே கிளம்பினேன்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் கையகலத் தட்டு. கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடையில் அதை எறிந்து விழவைக்க வேண்டும். குறைந்த எறியில் முடிப்பவர் வெற்றி. கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். தட்டு அவற்றில் மோதி நின்று உள்ளே விழும். அந்தச் சலசலப்புக்காகவே பலரும் திரும்ப வருவார்கள்.

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக பிரிஞ்சாங் சுமார் எண்பது கிலோமீட்டர். காலை ஏழுக்குக் கிளம்பியும் ஒன்பதரை ஆகிவிட்டது. கோலா தெர்லாவில் காய்கறி லோரிகள் வரிசை கட்டி நின்றன. சனிக்கிழமை அப்படித்தான், முடிந்தால் வெள்ளிக்கிழமையே ஏறிவிடுங்கள். பிரிஞ்சாங்கைத் தாண்டி இடப்பக்கம் ஒரு மண்சாலை பிரியும். சின்னக் கார்கள் தாராளமாகப் போகும், மழை பெய்யாதவரை.

அந்தோணி அண்ணன் தோட்டத்து லோரி டிரைவர். சில வருடங்களுக்கு முன் ஈப்போ பூங்காவில் நாங்கள் விளையாடுவதைப் பார்த்து லோரியை நிறுத்தி இறங்கி வந்தார். "என்னங்க, வீட்ல சண்டையா? தட்டெல்லாம் பறக்குது?" என்றார். இரண்டே மாதத்தில் கோலா தெர்லா வெல்டிங் கடையில் முதல் கூடையைச் செய்துவிட்டார். பழைய தேயிலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சும்மா கிடந்த ஒரு சரிவை, மேனேஜரிடம் கேட்டு வாங்கினார்.

மைதானம் போடும்போது எனக்கும் அவருக்கும் சண்டை. மேட்டிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்து எறியத் தொலைவில் ஒரு கூடை வேண்டும் என்றேன் நான். படமெடுக்க நன்றாக இருக்கும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தட்டு தேயிலைக்குள்ள போச்சுன்னா தேடப்போறவன் கொழுந்தை மிதிப்பான்லா. அப்புறம் நம்மள யாரு விளையாட விடுவா?" முதல் கூடையை, தன் வீடும் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு நேர் எதிரே, குழந்தை எறிந்தாலும் விழுகிற தூரத்தில் நட்டார். வேலை முடிந்து பூட்ஸோடு வரும் பெண்கள் முதல் நாளே சங்கிலிச் சத்தத்தைக் கேட்க வேண்டும், கேட்டால் மறுநாளும் வருவார்கள் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வந்தார். தொழிற்சாலைப் பெண்கள் வந்தார்கள். வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ரபிக் தன் நண்பர்களைக் கூட்டி வந்தார். ஸ்டெல்லா அண்ணி மட்டும் வரவில்லை.

"வா வான்னு கூப்பிடுவாரு. அடுத்த வாரம்னு சொல்லுவேன்," என்றார் அண்ணி, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "காத்து அடிச்சா அந்தச் சங்கிலி ஆடுது, தேவி. ஆடுறப்பல்லாம் அவருதான் விளையாடிட்டு இருக்காரு, இப்ப வந்துடுவாருன்னு சோத்துத் தட்டு எடுத்து வைக்கிறேன். எத்தன தடவ வச்சேன் தெரியுமா?" என் தட்டில் குழம்பை ஊற்றினார். "இப்ப ரெண்டு வாரமா சத்தமே இல்ல. அது இன்னும் மோசமா இருக்கு."

சாப்பிட்டு முடித்து ஸ்பானரோடு முதல் கூடைக்குப் போனபோதுதான் சத்தம் நின்ற காரணம் தெரிந்தது. சங்கிலிகளை ஒன்றாகச் சேர்த்து நீல நைலான் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார்கள். இரண்டாவது கூடையிலும் அப்படியே. மேலே ஏறிப் பார்த்தேன். ஒன்பதும் கட்டுண்டு நின்றன.

சரோஜா அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். "கழட்டாத தேவி! அதான் நாங்க கட்டிட்டோம்லா. யாரும் விளையாடறதுகூட இல்ல."

"யாரு கட்டச் சொன்னா?"

அந்தக் குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. அண்ணி எனக்காகக் குடை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் அந்தச் சரிவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

சரோஜா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "நடுவுல ஒரு செவுருதானே ஸ்டெல்லா. நீ ராத்திரி தட்டு எடுத்து வைக்கிற சத்தம் எங்களுக்குக் கேக்காதா?"

அண்ணி கூடையருகே போய் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்து அழுதார். அடக்கத்தின்போதுகூட அவர் அப்படி அழுததில்லை என்று சரோஜா அக்கா பிறகு சொன்னார். தூறல் ஆரம்பித்தது. குடையை யாரும் விரிக்கவில்லை.

கடைசியில் அண்ணியே பேசினார். "வீட்டுக்கு எதிர்ல இருக்கற ரெண்ட மட்டும் எடுத்துட்டுப் போ, தேவி. மத்தது இருக்கட்டும். இவங்களுக்கு ஞாயித்துக்கிழம வேற என்ன இருக்கு?"

அன்று மாலை முழுக்க மைதானத்தைத் திருத்தினேன். பழைய மூன்றாவது கூடை இப்போது முதல் கூடை. ஓடைப் பக்கத்திலிருந்து தொடங்கி, எல்லா எறியும் லயத்துக்கு எதிர்த்திசையில் போகும்படி மாற்றினேன். ஆனால் புதியவர்களுக்கான கூடை போய்விட்டது. தொடக்கமே ஏற்றம். அண்ணன் இருந்திருந்தால் என்னை விட்டிருக்க மாட்டார். கிட்டத்தில் வேறு இடம் தேடினேன். எங்கே நட்டாலும் சத்தம் அந்த வீட்டுக்குத்தான் போகிறது.

ஞாயிறு காலை அண்ணி வேனில் தேவாலயத்துக்குப் போனதும் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முடிச்சுகளை அவிழ்த்தோம். மார்ச்சுக்குப் பிறகு அவர்கள் விளையாடியது அன்றுதான். யாரும் கைதட்டவில்லை. ரபிக்கின் தட்டு சங்கிலியில் மோதியதும் அவர் ஓடிப்போய் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினார். வீட்டில் யாரும் இல்லை என்று சொன்னேன். தெரியும் என்று தலையசைத்தார். அடுத்த கூடையிலும் அப்படியே செய்தார்.

கழற்றிய இரண்டு கூடைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், பிரிஞ்சாங்கில் காய்கறி வாங்க இறங்கினேன். கடையோரப் பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பை முட்டைக்கோஸ். வீட்டைச் சுற்றி முட்டைக்கோஸ் விளைகிற ஊரில் அவர் அதை விலைக்கு வாங்கியிருந்தார்.

"பூசை அப்பவே முடிஞ்சிருக்குமே, அண்ணி?"

"முடிஞ்சிருச்சு." சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அங்க முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"ரபிக் வந்தானா?"

"வந்தாரு."

"அப்ப நான் வீட்டுக்குப் போலாம்," என்று பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. மைதானத்துக்குக் கட்டணம் இல்லை. வாடகைக்குத் தட்டு கிடைக்காது, நீங்களே கொண்டு போங்கள். பச்சை நிறம் வேண்டாம், தேயிலைக்குள் போனால் கண்ணில் படாது. பிரிஞ்சாங்கில் சாதாரண அறை நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும், பள்ளி விடுமுறையில் இரட்டிப்பு. மதியத்துக்கு மேல் மழை. லயத்து வாசலில் காரை நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போங்கள், மற்ற நாட்களில் வேண்டாம்.

ஒவ்வொரு கூடையிலும் சங்கிலிகள் நீலக் கயிற்றால் கட்டியிருக்கும், அவிழ்த்து விளையாடுங்கள். பதினொன்றரைக்கெல்லாம் ஆட்டத்தை முடித்து, சங்கிலிகளைப் பழையபடி கட்டிவிடுங்கள். நீங்கள் தாமதித்தால், பிரிஞ்சாங்கில் ஒருவர் வீட்டுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பார்.